மேடம் சரியென்று சொன்ன ரொட்டி

கரியாலூர் விடுதியில் நான் விட்டுவந்த அடுப்புக்கு முன்னால் இப்போது சுதாகர் என்ற தம்பி நிற்கிறார். கேட்டரிங் படித்தவர். தலையில் வெள்ளைத் தொப்பியெல்லாம் வைக்கிறார். நான் இருபத்திரண்டு வருஷமும் துண்டுதான் கட்டினேன். போன மாதம் போன் செய்தார். விடுதிக்குப் புதிதாகக் கரண்ட் ஓவன் வந்திருக்கிறதாம். கேக், பீட்சா எல்லாம் போடுகிறாராம். ஆனாலும் பழைய விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும், "அந்தக் கல்லுல சுடுற ரொட்டி இல்லியா?" என்று கேட்கிறார்களாம். "எழுதிக் குடுத்துடுங்கண்ணா, போன்ல எவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருப்பீங்க" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். அளவெல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பேனாதான் நிற்கவில்லை. ஆகவே தம்பி, பொறுமை இருந்தால் முழுவதும் படியுங்கள். இல்லையென்றால் கல்லில் சுட்டுப் பிரிக்கிற இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரொட்டி நன்றாகத்தான் வரும்.

முதலில் ஒரு தகராறைத் தீர்த்துவிடுகிறேன். இங்கிலீஷ் மஃபின் என்றால் பேக்கரிக் கண்ணாடிக்குள் காகிதப் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கேக் இல்லை. இது ரொட்டி. உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம். இரண்டு முகமும் பழுப்பு, இடுப்பு மட்டும் வெளுப்பு. மேலே ரவை ஒட்டியிருக்கும். பிளந்தால் ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல உள்ளே கண் கண்ணாக இருக்கும். வெண்ணெய் அந்தக் கண்களில் இறங்கி நிற்கும். ஓவன் வேண்டாம், தோசைக்கல் போதும். கல்வராயன் மலையில் அது பிழைத்ததே அதனால்தான்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரியில் ஆறு வருஷம் பன்னும் வர்க்கியும் போட்டவன். அங்கே கற்றது இரண்டு: மாவு பிசைவது, முதலாளி வரும்போது பிசைவதுபோல இருப்பது. பிறகு கரியாலூரில் விடுதி திறக்கிறார்கள், ரொட்டி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். துணிப்பையோடு பஸ் ஏறினேன். வளைவுக்கு ஒரு தரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்கியதும் எதிரே நின்ற அம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "தண்ணி இருக்குங்களா?" அவர்தான் மேனேஜர், கஸ்தூரி மேடம்.

அவருக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிதான். கணவர் இல்லை. ஒரே மகள் ஸ்கூல் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் பெரிய ஓட்டல் ஒன்றில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

திறந்த அன்று முப்பது விருந்தாளிகள். ஓவனில் பன் வைத்தேன். மலை வோல்டேஜில் ஓவன் சூடாவதற்குப் பதிலாக வெட்கப்பட்டது. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் மேலே ஈரம், கீழே கல். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடியது ஒரே ஒரு திசையில்: பின்பக்கம் விறகுக் கொட்டகைக்கு. அங்கே நின்று விறகை எண்ணுவதுபோல நடித்தேன். மேடம் வந்தார்.

"வெறகு எத்தினி இருக்கு முருகேசு?"

"நாப்பத்தி ஒண்ணு மேடம்."

"சரி. எண்ணி முடிச்சிட்டீன்னா வா, வேல இருக்கு."

அவ்வளவுதான். உள்ளே போனால் அவரே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தார். கெட்டதுபோக மிச்சமிருந்த மாவில் பால் ஊற்றித் தளர்த்தி, உருட்டி, ரவையில் புரட்டி, கல்லில் போட்டார். பெங்களூர் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குக் காலையில் போடுவது இது என்றார். அன்றைக்குத் தொடங்கியதுதான். பிறகு அந்த ரொட்டிக்காகவே மலையேறி வந்தவர்கள் உண்டு.

இனி அளவு. அரைக் கிலோ மைதாவுக்கு முந்நூற்றைம்பது மில்லி பால். பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், விரலை விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. அதில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிஷத்தில் நுரை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது, அழாமல் வேறு எடுங்கள். மைதாவில் ஊற்றிப் பிசையுங்கள். கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவினால் கண் விழாது. ஒட்டட்டும். இரண்டு கரண்டி வெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிஷம் அறைந்து பிசைந்தால் தானாகக் கையை விடும். உப்பு ஒன்றரை டீஸ்பூன், எல்லாம் முடிந்த பிறகு. உப்பையும் ஈஸ்டையும் முதலிலேயே பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது மேடம் சட்டம். உப்பைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட வேண்டும். கடைசியில் எடுத்துப் போட வேண்டும்.

ஈரம் பிழிந்த வெள்ளைத் துணியால் மூடி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். இரண்டு பங்காகப் பொங்கும். பத்தாகப் பிரித்து உருட்டி, ரவை பரப்பிய தட்டில் வைத்து லேசாகத் தட்டி, மறுபடி மூடி அரை மணி. நாங்கள் ரவைக்குப் பதிலாக மலையில் கிடைக்கும் சாமைக் குருணையைத் தூவினோம். கடிக்கும்போது நறுக்கென்று நன்றாக இருக்கும். தோசைக்கல்லில் எண்ணெய் வேண்டாம். தீ எவ்வளவு கம்மியாக முடியுமோ அவ்வளவு கம்மி. ஒரு பக்கம் ஏழு நிமிஷம், திருப்பிப் போட்டு ஏழு நிமிஷம். இடுப்பை விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும்.

கத்தியால் மட்டும் வெட்டாதீர்கள். முள்கரண்டியால் இடுப்பைச் சுற்றிக் குத்திக்கொண்டே வந்து, இரண்டு கையாலும் பிரிக்க வேண்டும். கத்தி பட்டால் கண்களெல்லாம் மூடிக்கொள்ளும்.

மேடம் முதல் ஈட்டில் முதல் ரொட்டியை எடுப்பார். இடது உள்ளங்கையில் வைத்துக் குத்திப் பிரிப்பார். ஒரு பாதியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். நாங்கள் மூச்சை மூடுவோம். பிறகு வெண்ணெய் இல்லாமல் ஒரு கடி. "சரி" என்பார், அல்லது "இல்ல" என்பார். மூன்றாவது வார்த்தை கிடையாது. "இல்ல" என்றால் அந்த மாவு முழுவதும் மாட்டுக்கு. ஏன் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி இருபது வருஷம்.

பிறகு அந்தப் பெரிய காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் மூடினார்கள், விடுதியையும் மூடினார்கள். எனக்கும் வந்தது, மேடத்துக்கும் வந்தது. பிழைத்தோம். நான் சங்கராபுரத்தில் என் வீட்டில் கிடந்தேன். எழுந்து உட்கார்ந்த அன்று செல்வி, என் மனைவி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தட்டில் கருவாடு இருக்கிறது, மூக்கில் இல்லை.

அடுத்த பத்து நாள் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டேன். என் சட்டையை முகர்ந்தேன். செருப்பை முகர்ந்தேன். தைலத்தைத் தேய்த்துக் கண் இரண்டும் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்து வீட்டுக் கடாவின் கழுத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றிருந்தேன். செல்வி பார்த்துவிட்டாள். "ஆட்டுக்கு முத்தம் குடுக்கற வயசாங்க இது?" என்றாள். சிரித்துவிட்டு, பிறகு புரிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாக்கு மட்டும் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று நாலு வார்த்தை பேசியது. மற்றதெல்லாம் ஊமை. மேடத்திடம் சொல்லிவிடச் சொன்னாள் செல்வி. மூக்கு இல்லாத சமையல்காரனைக் கண் இல்லாத டிரைவர் மாதிரித்தான் பார்ப்பார்கள் என்றேன். மகள் காலேஜில் இரண்டாவது வருஷம். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

விடுதி திறந்ததும் ஒன்றும் நடக்காதவன்போல மலையேறினேன். கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்தேன். நிறத்தைப் பார்த்தேன். தாளிக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு உதவியாகப் பொன்னி இருந்தாள். மலைக்காரப் பொண்ணு, இரண்டு பிள்ளைக்குத் தாய், வேலையில் கெட்டி. அவளிடம் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். கண்ணை மூடச் சொல்லி, இன்னா வாசனை வருது சொல்லு பார்ப்போம் என்பேன். பால் அடிபிடிக்குதுண்ணா, ஈஸ்ட்டு புளிக்குதுண்ணா என்று அவள் சொல்லச் சொல்ல நான் ஓடி ஓடி அடுப்பை அணைப்பேன். பரீட்சை வைக்கிற வாத்தியார்போலத் தலையை வேறு ஆட்டுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே மேடத்தின் மூக்கு இருந்தது. அவர் கண்ணை மூடி முகர்ந்து "சரி" என்றுவிட்டால் எனக்கு அது அரசாங்க முத்திரை. முதல் ரொட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் அந்த நாட்களில் என் முகத்தை அதிகமாகப் பார்த்தார். என்னைக் கண்காணிக்கிறார் என்று பயந்து, முகத்தை ரொம்பத் தெளிவாக வைத்துக்கொள்வேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படி ஓடியது.

முதலாளியின் மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டார் ஒரு நாள் மலையில் தங்கினார்கள். இருபது பேர். காலையில் நம் ரொட்டிதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். பொன்னி அன்றைக்கு ஊர்த் திருவிழாவுக்காக லீவு. மேடமும் நானும்தான். வழக்கமான துணி பழசாகிவிட்டதென்று மேடம் பீரோவைத் திறந்து, முக்கியமான ஆட்களுக்கென்று எடுத்துவைத்திருந்த நல்ல வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்தார். மழைக்காலத்துப் பூச்சிக்குப் பயந்து அந்தப் பீரோவில் தட்டுக்குத் தட்டு அந்துருண்டை போட்டு வைப்பது வழக்கம். போட்டவரும் அவர்தான். கையில் வாங்கி, நனைத்துப் பிழிந்து, மாவின் மேல் மூடியவன் நான். ஒன்றரை மணி நேரமும் பிறகு அரை மணி நேரமும் மாவு அதற்கடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுட்டு எடுத்த ரொட்டிகளையும் சூடு போகாமல் அதே துணியில்தான் பொதிந்தேன்.

முதல் ரொட்டியை மேடம் பிரித்தார். முகர்ந்தார், கண்ணை மூடினார், கடித்தார். என்னைப் பார்த்தார். நான் தெளிவாக நின்றேன். "சரி" என்றார்.

பத்து நிமிஷத்தில் தட்டுகள் திரும்பி வந்தன. ஒரு கடி, அரைக் கடி, கடிக்காதது. மாப்பிள்ளையின் தாத்தா போலிருக்கிறது, நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ரொட்டி நல்லாதாம்பா கீது. பீரோவத் தொறந்து உள்ள தலய விட்டா மாதிரி ஒரு வாசன வருது, அதான் துன்ன முடியல." கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. சமையல்கட்டுக்கு வந்து, யார் பார்த்து அனுப்பியது என்று கேட்டார். "நான்தாங்க" என்றார் மேடம். சாயங்காலம் பேசலாம் என்றுவிட்டுப் போனார் முதலாளி.

நாங்கள் இரண்டு பேர், நடுவில் திரும்பி வந்த தட்டுகள். மேடம் ஒரு ரொட்டியை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார். துணியை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முருகேசு, இதுல அந்துருண்ட வாசன வருதா?"

அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு வருஷமாக நான் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன், அவர் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். எனக்கும் தெரியல மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அந்த ஸ்டூல்களில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். பிறகு வேலை போயிருக்கும். இரண்டு பேருக்கும் போயிருக்கும், ஆனால் சிரித்திருப்போம்.

எனக்கு விறகுக் கொட்டகை ஞாபகம் வந்தது. ஓட முடியவில்லை, அதனால் வாய் ஓடியது.

"லேசா வருது மேடம்."

"லேசாவா?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்கதான் சரின்னுட்டீங்களே மேடம்."

அவர் துணியை நாலாக மடித்தார். மடிப்பின் ஓரங்கள் சரியாகப் பொருந்தும்வரை விரலால் நீவினார். "ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார்.

சாயங்காலம் முதலாளியிடம், காய்ச்சலுக்குப் பிறகு தனக்கு வாசனை தெரிவதில்லை, மறைத்தது தன் தப்பு, முருகேசுவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸுக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். விடுதியிலிருந்து பஸ் நிற்கிற இடம் நூறு அடி இருக்கும். அந்த நூறு அடியில் சொல்லியிருக்கலாம். நானோ ஜன்னலோரம் உட்காருங்க மேடம், வளைவு ஜாஸ்தி என்று, இருபது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்கியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பும்போது அவர் எட்டிப் பார்த்து, "துணிய மட்டும் தெனம் மாத்திடு" என்றார்.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தேன். புது மேனேஜர் எதைக் கொடுத்தாலும் சூப்பர் என்பார். அடிபிடித்த பால்கோவாவையும் சூப்பர் என்றார். பொன்னி ஒரு நாள், "உனக்கு வாசன தெரியாதாண்ணா?" என்று நேராகவே கேட்டாள். நான் அதற்கும் ஒரு சிரிப்புக் கதை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே முட்டிவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். மூக்கு நோவை முட்டிக்கு இறக்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வயது ஐம்பத்தைந்து. யாராவது கேட்டால் ரிட்டயர்டு என்பேன்.

மேடத்தின் நம்பர் என்னிடம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் எடுப்பேன். பெயர் வரும், கட்டை விரல் அப்படியே நிற்கும். அடுத்த பொங்கலுக்குப் பேசலாம் என்று போனை வைப்பேன்.

போன வருஷம் பொன்னிதான் சொன்னாள். மேடத்துக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார் என்று. எடுக்கிற அன்றைக்கு நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று செல்வியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து மேடத்தின் மகள் தேன்மொழி போன் செய்தாள். இப்போது கள்ளக்குறிச்சியில் நர்சாக இருக்கிறாள். "பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவுக்குப் புடிச்சதெல்லாம் படைக்கணும் மாமா. அம்மாவுக்கு நீங்க சுடற ரொட்டிதான் புடிக்கும். கடையில கேட்டா கப் கேக்க எடுத்துக் குடுக்கறான்" என்றாள்.

வீட்டில் அந்த ரொட்டியை நான் சுட்டதே இல்லை. செல்வியின் தோசைக்கல் முதல் தடங்கல். ரவை ஒட்டினால் பிறகு தோசை எழும்பாது என்றாள். யாருக்கு என்று சொன்னதும் அவளே தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். இரண்டாவது தடங்கல் படையல் சட்டம். குளித்துவிட்டுச் செய்ய வேண்டும். வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முகர்ந்தும் பார்க்கக் கூடாது. முகரக் கூடாது என்ற சட்டத்தை நான் நாலு வருஷமாகச் சிரமமே இல்லாமல் கடைப்பிடித்து வருகிறேன் என்றேன். செல்வி முறைத்தாள்.

மைதாவை இரண்டு தரம் அளந்தேன். பாலில் விரலை ஆறு தரம் விட்டேன். புதுத் துணியை மூன்று தரம் அலசி வெயிலில் காய வைத்து, செல்வியை முகரச் சொன்னேன். துணி படையல் இல்லை, முகரலாம். சோப்பு வாசனைகூட இல்லை என்றாள். மாவைப் பிசைந்து மூடினேன். அன்றைக்கு மாவு பொங்கிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிப்பது ஒரு மணிக்கே துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. மேடமே வந்து ஊதிவிட்டதுபோல இருக்கிறது என்று செல்வியிடம் சொன்னேன். கண்கூடக் கலங்கியது. பத்து ரொட்டி, பத்தும் ஒரே நிறம். பித்தளைத் தூக்கில் அடுக்கி, மேலே துணி போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி போனேன்.

வாழையிலையில் இட்லி, வடை, ஒரு டம்ளர் பில்டர் காபி, வெற்றிலை, அவர் வைத்துக்கொள்ளும் ஒரு முழம் முல்லை. நடுவில் என் ரொட்டி. படத்தில் மேடம் என்னைத்தான் பார்த்தார். படத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், தெரியும். கற்பூரம் காட்டினார்கள். காக்காவுக்கு வைத்தார்கள். பிறகு எல்லோருக்கும் பகிர்ந்தார்கள்.

ஒரு கடி கடித்தேன். நாக்குக்கு மிச்சமிருந்த நாலு வார்த்தையில் ஒன்று வரவில்லை.

உப்பு இல்லை.

சமையல்கட்டு ஜன்னலில் அந்தச் சின்னக் கிண்ணம் அப்படியே இருப்பது கண்ணில் தெரிந்தது. துணியைப் பற்றிய பயத்தில் உப்பை மறந்திருக்கிறேன். மாவு ஏன் அப்படித் துள்ளிக்கொண்டு பொங்கியது என்பதும் அப்போதுதான் உறைத்தது. உப்பு இருந்தால் ஈஸ்டைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். மேடம் ஊதியதும் இல்லை, ஒன்றும் இல்லை.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காரியத்து வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் பக்கத்திலிருந்தவருக்கு, வெளிநாட்டு ரொட்டி இப்படித்தான் சப்பென்று இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தேன்மொழி ஒன்றை முழுவதும் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா கடசி வரைக்கும் உங்களப் பத்தி பேசிக்கினே இருந்தாங்க மாமா" என்றாள். "நான் சரின்னு சொல்லிட்டேன்னு, வாசன தெரிஞ்சும் முருகேசு வாயத் தொறக்காம நின்னுட்டான், அவ்ளோ பயமுறுத்தி வெச்சிருக்கேன் பாரு அந்தாளன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க. எல்லார்கிட்டயும் கொஞ்சம் தன்மையா இருந்திருக்கலாம்னு சொல்லுவாங்க. என்கிட்டயும் கேட்டாங்க, ஒன்னயும் அப்பிடித்தான் வளத்தனான்னு."

நான் சொன்ன பொய் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு மலையிலேயே கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது அவரோடு பஸ் ஏறி இந்த வீட்டுக்கு வந்து, மூன்று வருஷம் அவர் பக்கத்தில் படுத்திருக்கிறது.

"பாப்பா, இந்த ரொட்டில உப்பு இல்ல."

"தெரியுது மாமா. பரவால்ல."

"பரவால்லன்னு சொல்லாத. மறந்துட்டேன். அன்னிக்கு எனக்கும் வாசன தெரியல. உங்கம்மாவுக்குப் போன அதே காய்ச்சல்ல எனக்கும் போயிடுச்சி. வருதான்னு அவங்க கேட்டாங்க, வருதுன்னு பொய் சொன்னேன். அவங்களுக்குப் பயந்துகினு இல்ல. வேல போயிடும்னு சொன்னேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டு ரொட்டியை இலையில் வைத்தாள். பந்தலுக்கு வெளியே யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா" என்றாள்.

அதற்கு என்னிடம் சிரிப்புக் கதை எதுவும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். எழுந்தாள், படையல் இலைக்குப் போனாள். படத்துக்கு முன்னால் மிச்சமிருந்த ஒரு ரொட்டியையும் உள்ளேயிருந்து ஒரு முள்கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். இடது உள்ளங்கையில் வைத்துச் சுற்றிக் குத்தினாள். எங்கே கற்றாள் என்று கேட்கத் தேவையில்லை. பிரித்து, ஒரு பாதியை என் பக்கம் நீட்டினாள்.

நான் அதை வாங்கவில்லை. "எனக்குத் தெரியாது பாப்பா. இன்னா வாசன வருதுன்னு நீ சொல்லு" என்றேன்.

அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். நானும் பழக்கத்தில் மூச்சை மூடினேன்.

"பால் வாசன வருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெண்ண. லேசா புளிப்பு. ரவ வறுத்த வாசன." கண்ணைத் திறக்காமலே இன்னொரு தரம் முகர்ந்தாள். "அடில ஒரு பக்கம் தீஞ்சிருக்கு மாமா."

அவள் கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பழுப்பாகத்தான் தெரிந்தது. தீய்ந்திருந்தது என்றால் தீய்ந்திருந்ததுதான்.

தூக்கை எடுத்துக்கொண்டேன். காரியத்து வீட்டிலிருந்து போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பக் கூடாது. வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கிளம்பினேன்.